மேலிடத்து உத்தரவு வரும்வரை கதிர் காத்திருக்குமா?

“மேலிடத்து உத்தரவு வரவில்லை.” இந்த மூன்று சொற்களைக் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன காதுகள் நம்முடையவை. ஏரிக்கரை உடையும், உத்தரவு வந்திராது. குடிசைகள் எரியும், உத்தரவு வந்திராது. கொள்ளை நோய் தெருவுக்குள் நுழையும். அனுப்பிய கோப்பு திரும்பியிராது! ஆயினும், கரை உடைந்தால் வெள்ளத்தைக் கண் காணும். குடிசை எரிந்தால் புகையை மூக்கு அறியும். உத்தரவு வராவிடினும் கால்கள் தாமே ஓடும். கண்ணுக்குத் தெரியாமல், மூக்குக்கு எட்டாமல், உடலைத் துளைத்துச் செல்வதையும் அப்போதே உணர்த்தாமல் ஒரு பகை வந்து சூழ்ந்தால்? அப்போது கால்களுக்குக் கட்டளையிடுவது எது? “ஓடு” என்று உரைப்பவர் யார்? “வீட்டுக்குள் ஒதுங்கு” என்று எச்சரிப்பவர் யார்? அந்த அதிகாரம் எவர் கையில் இருந்திட வேண்டும்?

இதுதான் இன்றைய கேள்வி. சிறிய கேள்வி என்று எண்ணிவிடாதீர்கள். ஊர் பிழைப்பதும் ஊர் அழிவதும் இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் விடையில் இருக்கிறது.

அணு ஆராய்ச்சி நிலையங்களைப் பற்றி நாம் பேச வாய் திறந்தாலே, ஏளனப் புன்னகை பூத்திடும் மேதாவிகள் சிலர் உண்டு. “இது விஞ்ஞானம் ஐயா! மேடையில் முழங்குகிறவருக்கும், ஊராட்சி மன்றத்தில் குழாயடிச் சண்டை தீர்க்கிறவருக்கும் இதிலே என்ன வேலை? அளப்பதற்குக் கருவி இருக்கிறது. ஆராய்வதற்கு அறிஞர் குழு இருக்கிறது. ஆணையிடத் தலைநகரம் இருக்கிறது. ஊரார் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று, பீதியடையாமல் இருப்பது” என்று பாடம் நடத்திடுவர். கல்லூரிப் படிப்பை முடிக்காதவன் நான். பட்டத்தைக் காட்டி அவர்களோடு மல்லுக்கு நிற்க என்னால் ஆகாது. நடந்ததைக் காட்டி வழக்காட ஆகும். நடந்த கதையொன்றைச் சொல்கிறேன். நீங்களே நீதிபதிகளாக இருந்து தீர்ப்பளியுங்கள்.

வாளியிலே வந்த வினை

ஜப்பான் நாட்டில், டோக்கியோ மாநகருக்கு வடகிழக்கே ஏறத்தாழ 120 கிலோமீட்டர் தொலைவில், கடலோரத்தில் இருக்கிறது தோக்காய் என்னும் ஊர். இபராக்கி மாகாணத்தைச் சேர்ந்தது. அந்நாட்டு அணு ஆராய்ச்சிக்குத் தொட்டில் கட்டிய ஊர் அதுதான். 1956ஆம் ஆண்டில் அணுசக்தி ஆராய்ச்சிக் கழகம் அங்கே நிறுவப்பட்டது. 1957 ஆகஸ்டில் ஜப்பானின் முதல் ஆராய்ச்சி அணு உலை அங்கே இயங்கத் தொடங்கிற்று. 1966இல் முதல் வணிக அணுமின் நிலையமும் அங்கேயே வந்தது. ஆய்வுக்கூடங்களும் ஆலைகளும் ஒன்றையடுத்து ஒன்றாக எழுந்தன. அவற்றுக்கிடையே வீடுகள், கடைகள், வயல்கள், பள்ளிகள், சுமார் 34,000 மக்கள்!

1999 செப்டம்பர் 30, வியாழக்கிழமை, காலை 10.35 மணி. ஜே.சி.ஓ. என்ற தனியார் கம்பெனியின் கட்டடத்திலே தொழிலாளர் மூவர் வேலை செய்துகொண்டிருக்கின்றனர். ஜோயோ என்று பெயரிடப்பட்ட ஆராய்ச்சி வேக அணு உலைக்கான எரிபொருளுக்கு யுரேனியக் கரைசல் தயாரிப்பதுதான் வேலை. யுரேனியம் ஒரு விசித்திரப் பண்டம். சிறிதளவாகப் பிரித்து வைத்தால் சாதுவாக இருக்கும். குறிப்பிட்ட அளவுக்குமேல் ஒரே அகன்ற பாத்திரத்தில் கூட்டி வைத்தால், எவரும் கொளுத்தாமலே அணுப்பிளவு தானாக மூண்டு தொடர்ந்துகொண்டே போகும். ஒல்லியான நெடிய குழாயில் ஊற்றினால் அணுவிலிருந்து தெறிக்கும் நியூட்ரான்கள் பக்கவாட்டில் தப்பி ஓடிவிடும், தொடர்வினை மூளாது. ஆகவே முறையான ஏற்பாட்டில் ஒல்லியான கலம் இருந்தது. அகன்ற தொட்டிக்கு 2.4 கிலோகிராம் யுரேனியத்துக்கு மேல் ஆகாது என்ற வரம்பும் இருந்தது.

வரம்பு ஏட்டிலே இருந்தது. வாளி கையிலே இருந்தது! வேலை விரைவாக முடிய வேண்டும் என்பதற்காக, அனுமதி பெற்ற முறையை ஒதுக்கிவிட்டு எவர்சில்வர் வாளியில் கரைக்கும் வழக்கத்தைக் கம்பெனியே தன் கையேட்டில் எழுதி வைத்திருந்தது. அன்று அந்த வாளிக் கரைசலை நேரே அகன்ற தொட்டியில் ஊற்றினர். தொட்டியில் சேர்ந்த யுரேனியம் ஏறத்தாழ 16 கிலோகிராம். ஏழாம் வாளி ஊற்றப்பட்டபோது நீல ஒளி பளிச்சிட்டது. மூவரில் ஒருவர் 83 நாளும், இன்னொருவர் 211 நாளும் மருத்துவமனையில் போராடி மாண்டனர். ஊற்றியவரைப் பழிக்க முனையாதீர்கள், தோழர்களே! தொடர்வினை என்றால் என்ன, அது எப்போது மூளும் என்று அவர்களுக்கு முறையாகக் கற்பிக்கப்படவேயில்லை. அங்கே அப்படியொன்று நடக்கவே நடக்காது என்று எண்ணித்தான் அரசும் உரிமம் வழங்கியிருந்தது. தொடர்வினை மூண்டால் ஒலிக்க வேண்டிய தனி எச்சரிக்கை மணிகூட அங்கே இல்லை.

நடக்காது என்று எழுதியவர்கள் தலைநகரத்திலே இருந்தனர். நடந்தபோது சுவருக்கு அப்பால் இருந்தவர்கள் தோக்காய் மக்கள்.

கடிகாரம் சொல்லும் சாட்சி

மூண்ட வினை ஒரு நொடியில் அடங்கிவிடவில்லை. விறகில்லாத அடுப்புபோலத் தொட்டி கனன்றுகொண்டே இருந்தது. நியூட்ரான்களும் காமாக் கதிர்களும் கட்டடச் சுவரைத் துளைத்துக்கொண்டு, வேலியைத் தாண்டி, பக்கத்து வீடுகளுக்குள் புகுந்துகொண்டே இருந்தன. அந்த நேரத்தில் அதிகாரங்கள் எவ்வாறு நகர்ந்தன என்பதைக் கடிகாரத்தையே சாட்சிக் கூண்டில் ஏற்றிக் கேட்போம்.

காலை 10.35, விபத்து. 11.19, அணு மேற்பார்வைத் துறைக்குக் கம்பெனியின் முதல் அறிக்கை. 11.34 வாக்கில்தான் ஊராட்சிக்குச் செய்தி! வேலியோரம் குடியிருக்கும் மக்களின் மன்றத்துக்கு, ஏறத்தாழ ஒரு மணி நேரம் கழிந்து செய்தி வந்தது. அதற்குள் இன்னொரு கொடுமையும் நடந்துவிட்டது. அடிபட்டவர்களை எடுத்துச்செல்ல ஆம்புலன்சில் விரைந்த ஊழியர் மூவருக்கு, அங்கே நேர்ந்தது கதிர்வீச்சு விபத்து என்று எவரும் சொல்லவில்லை. தக்க பாதுகாப்பு உடையின்றி உள்ளே சென்று அவர்களும் கதிருக்கு ஆளாயினர். காப்பாற்றப் போனவர்களுக்கே உண்மை மறைந்து கிடந்தது!

பகல் 12.30, ஊராட்சியின் ஒலிபெருக்கி அலறிற்று: வெளியே வராதீர்கள், வீட்டுக்குள் இருங்கள் என்று. பிற்பகல் 3 மணி, ஊர்த் தலைவர் தத்சுயா முராக்காமி, கம்பெனியைச் சுற்றி 350 மீட்டருக்குள் இருப்போர் அனைவரும் வெளியேற வேண்டும் என்று முடிவெடுத்தார். மைய அரசின் ஆலோசனை வரவில்லை. மாகாணத்தின் ஆணை வரவில்லை. அவர் காத்திருக்கவில்லை. 39 குடும்பங்கள், 161 பேர், சமுதாயக் கூடத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டனர்.

பிரதமர் தலைமையில் அமைந்த அவசரக் குழு கூடியபோது மணி இரவு 9. பத்துக் கிலோமீட்டர் சுற்றளவில் உள்ள ஏறத்தாழ 3,10,000 மக்கள் வீட்டுக்குள் இருக்கவேண்டும் என்று மாகாண அரசு அறிவித்தபோது மணி இரவு 10.30. விபத்து நிகழ்ந்து பன்னிரண்டு மணி நேரம்! பகற்பொழுது முழுதும் கழிந்து, ஊர் பாய் விரிக்கும் வேளையிலே வந்தது, “வெளியே செல்லாதீர்” என்ற அறிவுரை!

இந்த முராக்காமி யார்? அணு விஞ்ஞானியா? ஆய்வுக்கூடத்தில் அரை நூற்றாண்டு கழித்தவரா? இல்லை. வங்கியிலே பணியாற்றிவிட்டு, 1997இல் மக்களின் வாக்குப் பெற்றுத் தலைவரானவர். ஏட்டிலே இருந்த விதி என்ன? மக்கள்மீது படக்கூடிய கதிரின் அளவை முன்கூட்டிக் கணக்கிட வேண்டும். 10 முதல் 50 மில்லிசீவர்ட் வரை எனில் வீட்டுக்குள் ஒதுங்கச் சொல்லலாம். அதற்கு மேல் எனில் கற்காரைக் கட்டடத்துக்குள் செல்லவோ ஊரை விட்டகலவோ சொல்லலாம் என்பது அணுப் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதல். நல்ல விதிதான்! ஆனால் கணக்குப் போட எண் வேண்டுமே? வேலியோரத்தில் காமாக் கதிரின் அளவு மட்டுமே முற்பகலில் தெரிந்திருந்தது. காமாவை மிஞ்சித் தாக்கிக்கொண்டிருந்த நியூட்ரான்களை அளக்கும் கருவி வந்து சேர்ந்தது மாலையிலேதான். விதிப்படி கணக்குப் போட்டு, விடை வந்த பின்னர் ஊரைக் கலைப்பது என்று அவர் அமர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்தத் தொட்டி மறுநாள் காலை 6.15 வாக்கில்தான் ஓய்ந்தது. மூன்று மணிக்குப் புறப்பட்ட 161 பேரும் மேலும் பதினைந்து மணி நேரம் அந்தக் கதிரிலே உறங்கி எழுந்திருப்பர்!

விலகு, ஒதுங்கு, விலக்கு

அவர் எடுத்த முடிவு துணிச்சலானது என்பதோடு நில்லாமல், அறிவுக்கும் பொருந்தியது என்பதை எண்ணிப் பாருங்கள். நச்சுப் பொருள் விபத்தில் மக்களைக் காக்கும் கட்டளைகள் மூன்றே மூன்று: விலகு, ஒதுங்கு, விலக்கு. எது எப்போது என்று அறிவதிலேதான் உயிர் தங்கியிருக்கிறது.

ஓரிடத்திலிருந்து நேராகப் பாயும் கதிர் எனில், விலக வேண்டும். தொலைவு இரட்டித்தால் கதிரின் வலிமை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகிவிடும். நூறு மீட்டரில் இருப்பவரை நானூறு மீட்டருக்கு நகர்த்துவது அவர் உயிருக்குப் போடும் வேலி. மெல்லிய மரச்சுவர் வீட்டுக்குள் கதவடைத்துக் கிடந்தால் நியூட்ரான் நின்றுவிடாது. தோக்காயில் நேர்ந்தது இத்தகைய ஆபத்து. ஆகவேதான் 350 மீட்டர் வட்டத்தைக் காலி செய்தது சரி.

காற்றோடு மிதந்து வந்து கடந்துபோகும் நச்சு வளியோ கதிர்த்தூசியோ எனில், பல வேளைகளில் ஒதுங்குவதே மேல். கதவடைத்து, சன்னல் மூடி, விசிறியை நிறுத்தி, இடுக்குகளில் ஈரத்துணி செருகி, அந்த மேகம் கடக்கும்வரை உள்ளே இருப்பது நல்லது. தெருவிலே ஓடுகிறவன் காற்றின் போக்கறியாமல் அந்த மேகத்துக்குள்ளேயே ஓடிவிடக்கூடும். கதிரியக்க அயோடின் வருமெனில், அதற்கு முன்போ வந்த சிறிது நேரத்துக்குள்ளோ சாதாரண அயோடின் மாத்திரை விழுங்கினால் கழுத்திலுள்ள தைராய்டுச் சுரப்பி காப்பாற்றப்படும். மறுநாள் விழுங்குவது, வெள்ளம் வடிந்த பிறகு கரை கட்டுவதை ஒக்கும்.

மூன்றாவது, உணவை விலக்குதல். 1957 அக்டோபரில் இங்கிலாந்து நாட்டின் விண்ட்சுகேல் அணு நிலையத்தில் உலை தீப்பற்றியது. ஊரை எவரும் கலைக்கவில்லை. ஆனால் கதிர்த்தூசி படிந்த புல்லை மாடு தின்ன, மாட்டின் பாலிலே கதிரியக்க அயோடின் சேர்ந்தது. ஏறத்தாழ 500 சதுர கிலோமீட்டர் பரப்பில் கறந்த பால் முழுவதும் குழந்தைகளுக்குப் போய்ச் சேராமல் கொட்டப்பட்டது. பாலைக் கொட்டத் தெரிந்த அந்த அரசு, உண்மையை மட்டும் கொட்டிவிடாமல் இறுக மூடிக்கொண்டது. விபத்தை ஆராய்ந்த முழு அறிக்கை 1988இல்தான் வெளிச்சத்துக்கு வந்தது! முப்பதாண்டுத் திரை! நாடகம் எழுதுகிறவன் நான். எந்த நாடகத்திலும் இத்தனை நேரம் திரையை மூடி வைத்ததில்லை.

இந்த மூன்று கட்டளைகளும் எட்டாம் வகுப்பு மாணவனுக்கும் விளங்கக்கூடியவை. மக்களுக்கு விளங்காது என்பவர்கள், மக்களுக்கு விளக்க விரும்பாதவர்கள்!

கொட்டகைக் கதவை எவர் திறப்பது?

நாடகக் கொட்டகையிலே ஆயிரம் பேர் அமர்ந்திருக்கின்றனர். மேடைத் திரையில் தீப்பிடித்துவிட்டது. வாயிலில் நிற்கிறான் ஒரு காவலாள். கதவின் தாழ் அவன் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அவன் என்ன செய்ய வேண்டும்? கொட்டகை முதலாளிக்குக் கடிதம் எழுதி, அவர் பொறியாளரைக் கலந்து, தீயின் வெப்பத்தை அளந்து, “திற” என்று பதில் வரும்வரை தாழின்மேல் கை வைத்து நிற்க வேண்டுமா? அப்படி நிற்கிறவனை ஒழுங்கு தவறாதவன் என்று புகழ்வோமா? தீயை அணைக்கும் முறை தெரிந்தவர் வரட்டும், வரவேற்போம். அவர் வந்து சேர்வதற்குள் கதவு திறந்திருக்க வேண்டும்.

தோக்காயிலும் அறிஞர்களின் தொண்டு பெரிது. தொட்டியைச் சுற்றியிருந்த குளிர்நீர், தப்பியோடும் நியூட்ரான்களை மீண்டும் உள்ளே தள்ளி வினையைத் தூண்டுகிறது என்று கண்டறிந்தவர்கள் அவர்கள். அந்த நீரை வடிக்க, கம்பெனி ஊழியர் பதினெட்டுப் பேர் இருவர் இருவராகச் சில நிமிடங்களே தங்கி வேலை செய்து திரும்பினர். பிறகு போரிக் அமிலம் ஊற்றி வினை மீண்டும் மூளாமல் செய்தனர். அந்த அறிவுக்கும் அந்தத் துணிவுக்கும் நாம் தலைவணங்குகிறோம். அவர்கள் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தனர். அந்நேரத்தில் ஊரைப் பார்க்க ஒருவர் வேண்டாமா? எந்த வீட்டிலே படுத்த படுக்கையாய்ப் பாட்டி இருக்கிறாள், எந்தத் தெருவிலே கைக்குழந்தை இருக்கிறது என்று அறிந்தவர் ஊர்த் தலைவரா, தலைநகரத்துச் செயலாளரா? அளப்பது அறிஞர் பணி. அந்த அளவை உடனுக்குடன் அறிவிப்பது நிலையத்தின் கடமை. அகற்றுவது ஊராட்சியின் உரிமை. இந்த மூன்றையும் ஒன்றாய்க் குழைத்து மேலிடத்தின் பெட்டியில் போட்டுப் பூட்டாதீர்கள் என்பதுதான் நம் வாதம்.

“பீதி பரவிவிடுமே!” என்று உருகுகிறார்கள். தோக்காயில் 161 பேர் வெளியேறினார்களே, நெரிசலில் மாண்டவர் உண்டா? மிதிபட்டு மாண்டவர் உண்டா? பீதியை விதைப்பது செய்தியல்ல, செய்தியை மறைப்பது. அதற்கும் சாட்சி அந்நாட்டிலேயே இருக்கிறது.

பாடம் தலைகீழாய்ப் படித்த கதை

தோக்காய் விபத்துக்குப் பிறகு, 1999 டிசம்பரிலேயே ஜப்பான் அரசு புதிய சட்டம் கொண்டுவந்தது. அணு நெருக்கடியில் பிரதமரே ஆணையிடுவார். நிலையங்களுக்கு அருகே அவசர மையக் கட்டடங்கள் எழுப்பப்படும். மையம், மாகாணம், ஊர் மூன்றும் அங்கே கூடி முடிவெடுக்கும் என்றார்கள். ஊர்த் தலைவர் ஒருவர் காத்திராமல் செய்து காட்டியதிலிருந்து அவர்கள் கற்ற பாடம், அதிகாரத்தை மேலே குவிப்பது! கம்பெனிக்கு என்ன தண்டனை? உரிமம் பறிபோயிற்று. 2003இல் நீதிமன்றம் பத்து லட்சம் யென் அபராதம் விதித்தது. ஆறு பேருக்கு நிறுத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை கிடைத்தது.

புதிய சட்டத்துக்குச் சோதனை 2011 மார்ச் 11இல் வந்தது. நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் புக்குசிமா அணுமின் நிலையத்தைத் தாக்கின. சட்டப்படி எழுப்பிய அவசர மையம் நிலையத்திலிருந்து ஐந்து கிலோமீட்டரில் இருந்தது. மின்சாரமும் தொலைபேசியும் செயலிழந்தன. கதிர்த்தூசியை வடிகட்டும் ஏற்பாடு அந்தக் கட்டடத்தில் இல்லை. சில நாளிலேயே அதைக் கைவிட்டு அதிகாரிகளே வெளியேறினர்! தப்பிக்க வழி சொல்ல எழுப்பிய கட்டடத்திலிருந்தே தப்பி ஓட நேர்ந்தது!

காற்று எத்திசையில் கதிரைச் சுமந்து செல்லும் என்று கணிக்கும் கணினி ஏற்பாடு தலைநகரத்தில் இருந்தது. அதன் கணிப்பு ஊர்களுக்குத் தரப்படவில்லை. நமியே என்னும் ஊரின் மக்கள், வடமேற்கே உள்ள சுசிமா பகுதிக்குத் தஞ்சம் தேடிச் சென்றனர். கதிர் மேகமும் வடமேற்கேதான் சென்றது! கணிப்பு முதன்முதலாக மக்களுக்கு வெளியிடப்பட்ட நாள் மார்ச் 23. பீதி பரவாமல் காத்தார்களாம்! பீதியைக் காத்தவர்கள் பிள்ளைகளைக் காக்கவில்லையே!

அதே நாட்களில் மிகாரு என்ற இன்னோர் ஊர் என்ன செய்தது தெரியுமா? நிலையத்துக்கு மேற்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சிற்றூர். காற்று தம் பக்கம் திரும்பும், மழையும் பெய்யும் என்று ஊராட்சி அலுவலர்கள் தாமே அறிந்து, மார்ச் 15 அன்று 7,000க்கும் மேற்பட்ட மக்களுக்கு அயோடின் மாத்திரை வழங்கினர். மாகாண அரசு சினந்தது. மேலிடத்து ஆணையின்றி வழங்கியது தவறு, மாத்திரைகளைத் திரும்பப் பெறுங்கள் என்றது. ஊர் மறுத்துவிட்டது. தோக்காயில் எரிந்த அதே விளக்குத்தான் மிகாருவிலும் எரிந்தது!

“அவசரப்பட்டு ஊரைக் கலைத்தாலும் உயிர் போகுமே?” என்று கேட்போர் உண்டு. நேர்மையான கேள்வி, தள்ளிவிட மாட்டோம். புக்குசிமாவுக்கு அருகே பூத்தாபா மருத்துவமனையிலும் அதைச் சார்ந்த முதியோர் இல்லத்திலும் இருந்தவர்களை, துணைக்கு மருத்துவரின்றி, பேருந்துகளில் நெடுநேரம் அலைக்கழித்து இடம் மாற்றினர். நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கதிர் கொல்லுமுன் பயணம் கொன்றது. இதிலிருந்து பெறும் முடிவு என்ன? ஊராட்சிக்கு அதிகாரம் கூடாது என்பதா? தலைநகரத்து வரைபடத்தில் வட்டம் போட்டவர் கண்ணுக்கு அந்தக் கட்டில்கள் தெரியவில்லை என்பதல்லவா! எவரை உடனே நகர்த்துவது, எவரைக் கற்காரைச் சுவருக்குள் வைத்தே காப்பது, எந்த வண்டி, எந்த மருத்துவர் என்பதை விபத்துக்கு முன்பே, அமைதியான நாளிலே, ஊரறிந்தவர்கள் எழுதி வைத்திருக்க வேண்டும். நெருக்கடி வேளையில் எழுதத் தொடங்குகிற திட்டம் இரங்கற்பா ஆகிவிடும்.

நம் கடலோரத்துக்குக் கேள்வி

இனி நம் வீட்டுக்கு வருவோம். ஜோயோவைப் போலவே ஒரு சோதனை வேக உலை, 1985 அக்டோபரில் முதன்முதல் இயக்கம் பெற்ற உலை, நம் கல்பாக்கத்தில் இருக்கிறது. ஆராய்ச்சி மையம், மின் நிலையம், மறுபதப்படுத்தும் ஆலை அனைத்தும் அங்கே உண்டு. பக்கத்திலே சதுரங்கப்பட்டினம், புதுப்பட்டினம், மீனவர் குப்பங்கள். தோக்காயின் கதை நமக்கு அயலூர்க் கதையாகுமா?

2003 சனவரி 21. அந்த மறுபதப்படுத்தும் ஆலையில் ஒரு வால்வு பழுதாகி, வீரியம் மிக்க கழிவு வரக்கூடாத தொட்டிக்கு வந்துவிட்டது. அதை எச்சரிக்கும் கதிர் அளவைக் கருவி அந்த இடத்தில் இல்லை. ஊழியர் ஆறு பேர் வரம்புக்கு மிஞ்சிய கதிருக்கு ஆளாயினர். ஊழியர் சங்கம் குரலெழுப்பியது. பொதுமக்களுக்கு நிர்வாகம் முறையாக அறிவித்தபோது ஏறத்தாழ ஆறு மாதங்கள் கடந்திருந்தன! தோக்காய் ஊராட்சிக்கு ஒரு மணி நேரத் தாமதம் என்று பதைத்தோமே, இங்கே அரையாண்டுத் தாமதம்! அந்த ஆலை அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் கண்காணிப்பிலும் அப்போது இல்லை. 2000ஆம் ஆண்டிலேயே பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் கூடங்கள் வாரியத்தின் கையிலிருந்து எடுக்கப்பட்டு, அந்த மையத்தின் சொந்தக் குழுவிடமே ஒப்படைக்கப்பட்டிருந்தன. தேர்வெழுதியவரே தாளும் திருத்தினார்!

அடுத்த ஆண்டு, 2004 டிசம்பர் 26. ஆழிப்பேரலை கல்பாக்கத்தையும் தாக்கியது. மின் நிலையத்தில் இயங்கிக்கொண்டிருந்த உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது. அதைச் செய்தவர்களைப் பாராட்டுவோம். ஆனால் குடியிருப்பிலும் குப்பங்களிலும் உயிர்கள் பலியாயின. கடலைப் பற்றிய எச்சரிக்கை கடலோரத்துக்கு வந்து சேரவில்லை. ஒரே நாளில் அலையும் கதிரும் சேர்ந்து வந்தால் என்னாகும் என்பதைப் பின்னர் புக்குசிமா காட்டிவிட்டது.

நிலையத்துக்கு வெளியே நெருக்கடி பரவினால் மாவட்ட ஆட்சித் தலைவர் பொறுப்பேற்பார் என்று ஏற்பாடு. நல்லது. அவர் அறிவதோ நிலையம் சொல்வதைத்தான். நிலையம் சொல்லத் தாமதித்தால்? அவர் ஆணையிடுமுன் காற்று திரும்பிவிட்டால்? சதுரங்கப்பட்டினத்து ஊராட்சித் தலைவர் அந்நேரத்தில் யார்? முடிவெடுப்பவரா, முடிவுக்குக் காத்திருப்பவரா?

விஞ்ஞானத்தை விரட்டுங்கள் என்று நாம் கேட்கவில்லை. நாம் கேட்பவை நான்கு. நிலையத்தில் எச்சரிக்கை மணி ஒலித்தால், தலைநகரத்துக்குச் செய்தி போகும் அதே நிமிடத்தில் சுற்றியுள்ள ஊராட்சிகளுக்கும் போக வேண்டும் என்று சட்டத்தில் எழுதுங்கள். வேலியோரத்துக் கதிர் அளவை, ஊராட்சி மன்றத்துச் சுவரில் எவரும் படிக்கும்படி காட்டுங்கள். விலகு, ஒதுங்கு, விலக்கு என்ற மூன்று கட்டளைகளையும் மேலிடத்துக்குக் காத்திராமல் முதலில் பிறப்பிக்கும் உரிமையை ஊராட்சிக்கு வழங்குங்கள். அறிஞர் குழு வந்து திருத்துவதானால் பிறகு திருத்தட்டும். எவர் வீட்டில் நடக்க இயலாதவர், எந்த வண்டியில் எவர், மாத்திரை எங்கே என்ற பட்டியலை ஊர்க் கூட்டத்தில், தமிழில், உரக்கப் படியுங்கள். இந்த நான்கில் எது தேசத்துக்கு விரோதம்? எது விஞ்ஞானத்துக்கு விரோதம்?

தோழர்களே! கடலோரக் கிளைகளில் பணியாற்றும் நீங்கள் அடுத்த கிராம சபைக் கூட்டத்துக்கு வெறுங்கையோடு செல்லாதீர்கள். ஊராட்சித் தலைவரிடம் கேளுங்கள்: “தலைவரே, இன்றிரவு மணி அடித்தால் உங்களுக்கு எத்தனை நிமிடத்தில் செய்தி வரும்? எங்களை எங்கே அழைத்துச் செல்வீர்கள்? முடிவு உங்கள் கையிலா?” விடை தெரியவில்லை என்று அவர் சொன்னால் அவரை இகழாதீர்கள். அவரையும் உடனழைத்துக்கொண்டு மாவட்டத் தலைநகருக்குச் செல்லுங்கள். விடை கிடைக்கும்வரை திரும்பாதீர்கள்.

தோக்காயில் வெளியேறிய 161 பேரும் அக்டோபர் 2ஆம் நாள் மாலை வீடு திரும்ப அனுமதி பெற்றனர். அவர்களை மூன்று மணிக்கே வெளியேற்றியவர், அவர்களால் தேர்ந்தெடுக்கப்பட்டு, அவர்கள் நடுவே வாழ்ந்து, அவர்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருந்த மனிதர். அந்தக் கடமை உள்ளவரிடம் அதிகாரத்தையும் கொடுங்கள் என்றுதான் கேட்கிறோம். கொடுக்கும்வரை கேட்போம்.